புகுமுகப் பயிற்சி

பள்ளிக் கல்வி முடியும் இடத்தில் பல்கலைக்கழகக் கல்வி தொடங்குகிறது என்பது பொதுவான எண்ணம். ஏட்டளவில் அது சரியே. நடைமுறையில் அவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. பள்ளியில் ஒரு பாடத்திற்கு ஒரு நூல். அந்நூலை ஆசிரியர் வரிவரியாக விளக்குவார். தேர்வு வினாக்களும் பெரும்பாலும் அந்நூலிலிருந்தே எழும். பல்கலைக்கழகத்திலோ ஒரு பொருளுக்குப் பல நூல்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று மாறுபடுதலும் உண்டு. எக்கருத்து ஏற்கத்தக்கது என்பதை மாணவரே ஆராய்ந்து, காரணம் காட்டி எழுதுதல் வேண்டும். பள்ளியில் மாணவரின் பொழுதை மணியோசை வகுத்துத் தரும். பல்கலைக்கழகத்தில் அப்பொழுதை அவரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விடைவெளி எல்லார்க்கும் ஒரே அளவினது அன்று. பெற்றோர் பட்டம் பெற்ற வீட்டில் பிறந்த பிள்ளை, கல்லூரி என்பது எத்தகைய இடம் என்பதை உணவு உண்ணும்போதே கேட்டு வளர்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. தமிழ்வழியில் பயின்றவர்க்கு மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. 'முடுக்கம்' என்பதன் பொருளை ஐயமறக் கற்று, அதற்குரிய கணக்குகளையும் விரைந்து செய்யும் மாணவி, கல்லூரியின் முதல் வகுப்பில் 'ஆக்சிலரேஷன்' என்னும் சொல்லைக் கேட்டுத் திகைக்கிறாள். அவளிடம் குறைவுபட்டது அறிவு அன்று. அறிந்த பொருளுக்கு மற்றொரு மொழியில் வழங்கும் பெயரே அவள் அறியாதது. அப்பெயரை அவளுக்குச் சொல்லித்தர ஒரு வாரம் போதும். அவ்வொரு வாரத்தை ஒதுக்குவார் இல்லாமையால் ஓர் ஆண்டு வீணாவதும், சிலர் கல்லூரியையே விட்டு நீங்குவதும் நேர்கின்றன.

இக்குறையை முன்னோரும் உணர்ந்திருந்தனர். 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி வரும்வரை, தமிழ்நாட்டில் பதினோராண்டுப் பள்ளிப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவே 'புகுமுக வகுப்பு' என்னும் ஓராண்டுப் படிப்பு கல்லூரிகளில் நடந்துவந்தது. அதன் நோக்கம் பெயரிலேயே விளங்கும். அது எல்லார்க்கும் கைகொடுத்தது என்று சொல்வதற்கில்லை. ஆங்கிலவழிப் பாடத்தினுள் திடீரெனப் புகுந்த சிற்றூர் மாணவர் பலர் அவ்வகுப்பிலேயே தேறாது நின்றனர். எனினும், பல்கலைக்கழகத்தினுள் நுழைவார்க்குத் தனியே ஒரு பயிற்சி வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது. மேல்நிலை வகுப்புகள் வந்தபின் அவ்வேலை பள்ளியைச் சேர்ந்ததாயிற்று. பொதுத்தேர்வு மதிப்பெண்ணே பெரிதெனக் கருதும் சூழலில் அவ்வேலை பின்தங்கிப் போயிற்று.

இன்று அப்புகுமுகப் பயிற்சி இணையத்தின் வழியாக மீண்டும் தலையெடுத்திருக்கிறது. பட்டப் படிப்பில் சேருமுன் சில வாரங்களோ சில மாதங்களோ, வீட்டில் இருந்தபடியே, அடிப்படைக் கணிதம், மொழித்திறன், குறிப்பெடுத்தல், கட்டுரை வரைதல், காலத்தை வகுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கற்பிக்கும் படிப்புகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. இவற்றால் நன்மை உண்டா, உண்டாயின் எந்நிலையில் உண்டு என்பதை ஆராய்தல், பல்கலைக்கழகத்தை நோக்கியிருக்கும் மாணவர்க்கு இன்றியமையாதது.

இவ்வகைக் கல்விக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1963ஆம் ஆண்டில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹெரால்டு வில்சன், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியே கற்பிக்கும் 'வான்வழிப் பல்கலைக்கழகம்' ஒன்று வேண்டும் என்று கிளாஸ்கோ நகரில் பேசினார். அவர் தலைமை அமைச்சரான பின், அப்பொறுப்பைச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகிய ஜென்னி லீ என்னும் அமைச்சர் ஏற்றார். பலர் நகைத்தனர், சிலர் பணம் பாழ் என்றனர். அவர் தளரவில்லை. 1969ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்ற அப்பல்கலைக்கழகம், 1971ஆம் ஆண்டு தன் முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியது. அவர்கள் ஏறத்தாழ 24,000 பேர்.

அங்குச் சேர்வதற்கு முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. தொழிலாளரும் இல்லத்தரசியரும் முன்பு பள்ளியை இடையில் விட்டவரும் சேர்ந்தனர். ஆனால் சேர்ந்தவுடன் அவர்கள் உயர்நிலைப் பாடத்தினுள் தள்ளப்படவில்லை. முதலில் அடித்தளப் பாடங்களைக் கற்றல் வேண்டும் என்பது விதி. பாடநூல்கள் அஞ்சலில் வந்தன; விளக்கங்கள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்தன; அறிவியல் பயில்வார்க்குச் சோதனைக் கருவிகள் பெட்டியில் வைத்து வீட்டிற்கே அனுப்பப்பட்டன. இவற்றோடு அமையாமல், எழுதியனுப்பிய கட்டுரைகளைத் திருத்தித் தரவும் ஐயங்களைக் களையவும் ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். ஊர்தோறும் பயிற்சி நடுவங்கள் இருந்தன. கோடையில் ஒரு வாரம் மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடித் தங்கினர்.

முன்தகுதி கேளாமல் சேர்த்துக்கொண்டால் கல்வியின் தரம் தாழும் என்று அந்நாளில் அஞ்சினர், இந்நாளிலும் அஞ்சுவர். அவ்வச்சம் தரம் எங்கே அளக்கப்படுகிறது என்பதை மறந்ததால் எழுவது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நுழைவாயிலைத் திறந்ததே தவிர, பட்டம் பெற்று வெளியேறும் வாயிலை அகலமாக்கவில்லை. அதன் தேர்வுகளைப் பிற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த தேர்வாளர்களும் மேற்பார்த்தனர். வாயிலில் நிற்பவன் யார் என்பதைக் கொண்டு தரத்தை அளத்தல் எளிது. கற்று முடித்தவன் எவ்வளவு அறிவான் என்பதைக் கொண்டு அளப்பதே முறை.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டிலேயே, பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களுக்கெனத் தனியே ஓர் அடித்தளப் படிப்பைக் கட்டணமின்றித் தொடங்கியது. வகுப்பறையில் தொடங்கிய அப்படிப்பை, பின்னர் இணையவழியிலும் பயில வழி ஏற்பட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டில் தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் படிப்பைத் தொடங்கியது. அக்கழகத்தின் ஏனைய இளநிலைப் படிப்புகளில் சேரப் பெரும்பாலும் கடும்போட்டியுள்ள நுழைவுத் தேர்வில் வெற்றி பெறல் வேண்டும். இப்படிப்பில் முறை வேறு. விண்ணப்பித்தவர்க்கு முதலில் நான்கு வாரம் கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கணினிவழிச் சிந்தனை ஆகிய நான்கு பாடங்கள் இணையவழியே கற்பிக்கப்படுகின்றன. வாரந்தோறும் பயிற்சிகளைச் செய்து அனுப்புதல் வேண்டும். அவற்றில் போதிய மதிப்பெண் பெற்றவர் தேர்வு நடுவத்திற்கு நேரில் சென்று தகுதித் தேர்வு எழுதுகின்றனர். குறித்த மதிப்பெண்ணைப் பெற்றவர் அனைவர்க்கும் இடம் உண்டு. ஒருவர் உள்ளே வருவதால் மற்றொருவர் வெளியே நிற்க வேண்டுவதில்லை.

இம்முறையின் சிறப்பு, கற்பித்த பின்னர்ச் சோதித்தல் என்பதில் இருக்கிறது. கற்பிக்காததைச் சோதிக்கும் நுழைவுத் தேர்வு, மாணவனின் அறிவை மட்டும் அளப்பதில்லை. அவன் தந்தையின் பொருள்வளத்தையும், அவன் ஊரில் பயிற்சி நிலையம் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்தே அளக்கிறது. எல்லார்க்கும் ஒரே பாடத்தை ஒரே காலத்தில் கற்பித்துப் பின் சோதிப்பது, அவ்வேற்றுமையை முற்றும் நீக்காவிடினும் பெரிதும் குறைக்கும். ஆதலின் புகுமுகப் பயிற்சியைச் சலுகை என்று கருதுதல் பிழை. அது நேர்மையான சோதனைக்கு முற்பட்ட நேர்மையான கற்பித்தல்.

எனினும், இணையம் வந்துவிட்டது, இனி எவரும் கற்றுத் தேறிவிடுவர் என்று மகிழ்தலும் அறியாமையே. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், மின்சுற்றுகளைப் பற்றிய ஒரு பாடத்தை உலகோர் அனைவர்க்கும் இணையத்தில் இலவசமாக நடத்தியது. பதிவு செய்தோர் ஏறத்தாழ 1,55,000 பேர். இறுதிவரை பயின்று சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். அஃதாவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. வேடிக்கை பார்க்கப் பதிவு செய்தவரும் அவருள் பலர் என்பது உண்மை. ஆயினும் தொடங்குவது எளிது, தொடர்வது அரிது என்பதை அவ்வெண்கள் காட்டுகின்றன.

இதனினும் கருதத்தக்கது 2013ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. கணிதத்தில் பின்தங்கிய மாணவர்க்கான அடிப்படைப் பாடத்தை, ஒரு நிறுவனத்தின் துணையோடு அப்பல்கலைக்கழகம் இணையவழியே நடத்தியது. அது புகுமுகப் பயிற்சியின் தன்மையே உடையது. அதன் முதல் பருவத்தில் தேறியவர் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு. அவ்வாண்டின் நடுவிலேயே அம்முயற்சி இடையில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆராய்ந்து பார்த்தபோது, மாணவரின் வயதோ பின்னணியோ அன்று, அவர் எத்தனை பயிற்சிக் கணக்குகளை முயன்று பார்த்தார் என்பதே தேர்ச்சியோடு மிகுதியும் தொடர்புடையதாக இருந்தது. தமக்கு உதவி கிடைக்கும் என்பதைக்கூட அறியாத மாணவர் பலர் இருந்தனர் என்பதும் புலனாயிற்று.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகிறது. தானே கற்கும் திறன் உடையவர்க்கு இணையவழிக் கல்வி இனிது பயன்படுகிறது. அத்திறன் இல்லாதவர்க்கே புகுமுகப் பயிற்சி வேண்டும். எவர்க்கு மருந்து வேண்டுமோ அவர் அதனை விழுங்க இயலாதவராக இருக்கிறார். இதற்காக மருந்தை எறிந்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. விழுங்கும் வகையில் கொடுத்தலே மருத்துவர் கடமை. அதற்குரிய முறை என்ன?

தமிழ் மாணவர் இதற்குத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவர் கற்கும் முறையை வகுத்துரைக்கிறார். பாடத்தை ஒருமுறை கேட்டதோடு நில்லாமல் இரண்டாம் முறையும் கேட்பவன் பிழை நீங்குவான் என்றும், மூன்றாம் முறை கேட்பவன் முறையறிந்து எடுத்துச்சொல்ல வல்லவன் ஆவான் என்றும் அவர் கூறுகிறார். வகுப்பறையில் ஒரே பாடத்தை மும்முறை சொல்லுமாறு ஆசிரியரை வேண்டுதல் எளிதன்று. நாற்பது பேர் நடுவில் எழுந்து வேண்டுவதற்கு நாணமும் தடையாகும். இணையத்தில் பதிவு செய்த பாடத்தையோ மும்முறையும் கேட்கலாம், முப்பது முறையும் கேட்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தலாம். பின்னோக்கிச் சென்று மீண்டும் கேட்கலாம். மெல்லக் கற்பவர்க்கு இது பெரும்பேறு.

அந்நூலே மற்றோர் உண்மையையும் உரைக்கிறது. ஆசிரியர் சொன்னதை எத்துணை நன்றாகக் கேட்டாலும் மாணவன் பெறுவது கல்வியில் கால் பங்குதான். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. இணையவழிக் கல்வியின் வலிமையும் குறையும் இக்கணக்கில் தெளிவாகின்றன. திரையில் தோன்றும் ஆசிரியர் எத்துணைப் பெரும்புலவராயினும் அவர் தரக்கூடியது அந்த முதற் கால் பங்கே. எஞ்சிய முக்கால் பங்கைத் தோழரும் உரையாடலும் தருதல் வேண்டும். அமெரிக்க மாணவர் தேறாது போனதற்கு அம்முக்கால் பங்கு இல்லாமையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் பல்கலைக்கழகம் பயிற்சி நடுவங்களையும் கோடைக் கூட்டங்களையும் அமைத்தது, அறிந்தோ அறியாமலோ, அப்பங்கை ஈடு செய்தற்கே ஆகும்.

ஆகவே இணையவழிப் புகுமுகப் பயிற்சியை நடத்துவோர், பாடங்களைப் பதிவு செய்து வெளியிடுவதோடு தம் கடமை முடிந்தது என்று கருதலாகாது. எழுதி அனுப்பியதைப் படித்துத் திருத்தித் தரும் ஆசிரியர் வேண்டும். இரண்டு வாரம் வராதிருந்த மாணவியை விளித்து, ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒரு குரல் வேண்டும். பத்துப் பேர் கூடிப் பயில ஓர் இடமும் வேண்டும். ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், அண்ணன் வேலையிலிருந்து திரும்பிய பிறகே பாடம் கேட்க இயலும் பெண்ணுக்கு, இணையக் கல்வி எங்கும் எப்பொழுதும் கிடைப்பது என்னும் பேச்சு பொருளற்றது.

அவ்விடத்தைப் புதிதாகக் கட்டத் தேவையில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டத்தை 1948ஆம் ஆண்டில் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் அரங்கநாதனின் உழைப்பு அதற்குப் பின்னணியாக இருந்தது. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. மக்கள் பணத்தால் நடக்கும் கிளை நூலகங்களில், மாலையில் இரண்டு மணி நேரம், சில கணினிகளோடும் ஓர் ஆசிரியரோடும் புகுமுகப் பயிற்சிக்கென இடம் ஒதுக்கினால், நன்னூல் கூறும் முக்கால் பங்குக்கு வழி பிறக்கும். பள்ளி இறுதித் தேர்வுக்கும் கல்லூரித் திறப்புக்கும் இடைப்பட்ட வாரங்கள் இதற்கு ஏற்ற காலம்.

பள்ளியே இவ்வேலையைச் செய்யலாகாதா என்று சிலர் வினவலாம். செய்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பள்ளிகள் முற்றும் திருந்தினால் புகுமுகப் பயிற்சி தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அத்திருத்தம் நிகழும்வரை, இவ்வாண்டு பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர் வாயிலில் காத்து நிற்க இயலாது. மேலும், பள்ளியை விட்டுப் பல்லாண்டு கழித்துக் கல்வியை நாடும் தாய்மாரும் தொழிலாளரும் இருக்கின்றனர். அவர்களுக்கு எந்தப் பள்ளியின் கதவும் மீண்டும் திறக்காது. புகுமுகப் பயிற்சி ஒன்றே வழி.

மாணவர் தம் பங்கிற்குச் செய்யத்தக்கனவும் சில உண்டு. நாள்தோறும் குறித்த ஒரு நேரத்தில் பயிலுதல். கேட்டதைத் தம் சொற்களில் எழுதி வைத்தல். கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாக எழுதிப் பழகுதல். விடையைப் பார்க்குமுன் கணக்கை முயலுதல். ஓரிரு தோழரைச் சேர்த்துக்கொண்டு அன்று கற்றதை அவர்களுக்கு விளக்குதல். புரியாததைப் புரியவில்லை என்று கூசாமல் கேட்டல். இவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம். இவற்றைப் பழக்கமாக்கிக்கொண்டவர்க்கு எந்தப் பல்கலைக்கழகமும் அயலிடமாகத் தோன்றாது.

கருவி எதுவாயினும் கல்வியின் இயல்பு மாறுவதில்லை. ஓலைச்சுவடி போய் அச்சுநூல் வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. இன்று இணையம் வந்துள்ளது. ஒவ்வொன்றும் கல்வியை முன்னிலும் தொலைவிற்குக் கொண்டு சேர்த்தது. எதுவும் கற்பவனின் முயற்சிக்கோ கற்பிப்பவனின் அக்கறைக்கோ ஈடாகவில்லை. அம்முயற்சிக்குரிய வாய்ப்பை எல்லார்க்கும் வழங்குதல் அரசின் கடமை. வந்தவரைக் கைவிடாது காத்தல் பல்கலைக்கழகத்தின் கடமை. கிடைத்த வாய்ப்பை இறுதிவரை பற்றி நிற்றல் மாணவரின் கடமை. இம்மூன்றும் ஒருங்கே அமையுமானால், எளிய குடியில் பிறந்த பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தினுள் அச்சமின்றிப் புகுவர். புகுந்தவர் கற்றுத் தேறுவர்.